'த நார்த் ஃபேஸ்': பெயரின் பொருள் முதல் லேபிளைப் படிப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஜாக்கெட்டின் இடது மார்பில் ஒரு சின்ன எம்பிராய்டரி. மூன்று வரிகளில் மூன்று சொற்கள், பக்கத்தில் கால்வட்டம் போல மூன்று வளைவுப் பட்டைகள். உலகின் எந்த விமான நிலையத்திலும் ஐந்து நிமிடம் நின்றால் கண்ணில் பட்டுவிடும். 'த நார்த் ஃபேஸ்' என்ற பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. அது எதன் பெயர், ஏன் வடக்கு, அந்த வளைவுகள் எந்த மலை என்று கேட்டால்தான் பலரும் யோசிப்பார்கள்.

மலையேறுபவர்கள் தங்களுக்குள் பேசும்போது பயன்படுத்தும் ஒரு சொல் அது. அதைச் சரியாகப் புரிந்துகொண்டால், மலையேற்ற உடைகள் செய்யும் இந்த அமெரிக்க நிறுவனம் தன் உடைகளுக்கு வைக்கும் பெயர்களும், லேபிளில் போடும் சொற்களும் தன்னால் விளங்கிவிடும். எந்த உடை எந்தக் குளிருக்கு என்று கடைக்காரரைக் கேட்காமலே சொல்ல வரும். அதனால் மலையிலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: மலைக்கு முகம் உண்டு என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

மலையேற்றத்தில் 'ஃபேஸ்' என்றால் இரண்டு முகடுகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் செங்குத்தான பரப்பு. தமிழில் முகம் என்றே சொல்லலாம். முகடு வழியாக ஏறுவது ஒன்று, முகத்தின் வழியாக ஏறுவது வேறு. முகத்தில் ஏறும்போது தலைக்கு மேல் பாறையும் பனியும் தொங்கும். ஒதுங்க இடம் இருக்காது.

வடகோளத்தில், அதிலும் வெப்ப மண்டலத்துக்கு வடக்கே போகப் போக, சூரியன் வானத்தின் தென்பக்கமாகச் சாய்ந்தே நகரும். தெற்கு முகத்தில் வெயில் நேராக விழும். வடக்கு முகம் பெரும்பாலும் மலையின் சொந்த நிழலுக்குள் கிடக்கும். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் ஒரு கதிர்கூடப் படாத வடமுகங்கள் இருக்கின்றன. விழுந்த பனி உருகாமல் தங்கும். கொஞ்சம் உருகினாலும் இரவில் இறுகிக் கண்ணாடி போலப் பாறைமேல் ஒட்டிக்கொள்ளும். கை வைக்கும் விளிம்பும் வழுக்கும், கயிறும் விறைக்கும். ஒரே மலையில் தெற்குப் பக்கம் கோடைகால நடைப்பயணமாகவும் வடக்குப் பக்கம் உயிரைப் பணயம் வைக்கும் ஏற்றமாகவும் இருப்பது இதனால்தான்.

பூமத்தியரேகைக்கு அருகில் இந்த வேறுபாடு மங்கிவிடும், சூரியன் அங்கே உச்சிக்கு வந்துவிடுவதால். தென்கோளத்தில் எல்லாம் தலைகீழ். அர்ஜென்டினாவில் உள்ள 6,961 மீட்டர் உயர அகோன்காகுவாவில் ஏறுபவர்கள் அஞ்சுவது அதன் தெற்கு முகத்தைத்தான். வழக்கமான வழி வடமேற்குப் பக்கமாக, வெயில் படும் சரிவில் போகிறது. 'வடமுகம்' என்றாலே கடினம் என்ற பொருள் வடகோளத்து மலைகளிலிருந்து, குறிப்பாக ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளிலிருந்து வந்தது.

அந்தப் பொருளை உலகம் முழுக்கக் கொண்டுபோனது சுவிட்சர்லாந்தின் ஐகர். சிகரத்தின் உயரம் 3,967 மீட்டர்தான், ஆனால் அதன் வடமுகம் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்துக்குச் சுவராக நிற்கிறது. 1935-இல் அதில் ஏறிய இரண்டு ஜெர்மானியர்கள் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு நான்கு பேர் போனார்கள், நால்வரும் இறந்தார்கள். ஜெர்மன் மொழியில் வடசுவருக்கு 'நோர்ட்வாண்ட்' என்று பெயர். பத்திரிகைகள் முதல் எழுத்தை மாற்றிக் கொலைச்சுவர் என்று பொருள்படும்படி 'மோர்ட்வாண்ட்' ஆக்கின.

1936-இல் இறந்த நால்வரில் கடைசியாக உயிரோடு இருந்தவர் டோனி குர்ட்ஸ். அவருடைய முடிவை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொள்ளும் ஒரு நிறுவனம் எதைத் தோளில் சுமக்கிறது என்பது அப்போதுதான் புரியும். தோழர்கள் மூவரும் இறந்த பிறகு இரவு முழுக்க அவர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். கையுறை போய், ஒரு கை விறைத்துப் பயனற்றுப் போயிருந்தது. மலைக்குள் குடைந்த ரயில்பாதையின் ஜன்னல் வழியாக வெளியே வந்த வழிகாட்டிகள் அவருக்கு அடியில் வந்து சேர்ந்தார்கள். நீளம் போதாமல் அவர்கள் இரண்டு கயிறுகளை முடிச்சுப் போட்டு அனுப்பினார்கள். அந்த முடிச்சு அவர் இடுப்பிலிருந்த உலோகக் கொக்கியில் சிக்கிக்கொண்டது. ஒரு கையாலும் பல்லாலும் அதைத் தள்ளிப் பார்த்தும் முடியாமல், கிட்டத்தட்ட எட்டும் தூரத்தில் அவர் உயிர் போனது. குளிரில் ஒரு கையுறை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

1938 ஜூலை 24 அன்றுதான் ஹெக்மையர், ஃபோர்க், ஹாரர், காஸ்பரெக் என்ற நால்வர் அந்தச் சுவரை முதன்முதலில் ஏறி முடித்தார்கள். ஐகர், மேட்டர்ஹார்ன், கிராண்ட் ஜோராஸ் ஆகிய மூன்றின் வடமுகங்களும் ஆல்ப்ஸின் மூன்று பெரும் வடமுகங்கள் என்று இன்றும் ஒன்றாகவே பேசப்படுகின்றன.

படி 2: சின்னத்தில் உள்ள மலையை அடையாளம் காணுங்கள்

சின்னத்தில் இருப்பது ஐகர் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. அது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், யோசெமிட்டி பள்ளத்தாக்கில் நிற்கும் ஹாஃப் டோம் என்ற கருங்கல் மலை. உயரம் 2,694 மீட்டர். ஒரு பக்கம் உருண்டையாக வழிந்து இறங்கும். மறுபக்கம் செங்குத்தாக வெட்டி நிறுத்தியது போல இருக்கும்.

சின்னத்தை உற்றுப் பாருங்கள். வளைவுகள் வலப்பக்கம் இறங்குகின்றன. சொற்களை ஒட்டியிருக்கும் இடது ஓரம் நேராக நிற்கிறது. அந்த நேர்கோடுதான் ஹாஃப் டோமின் முகம். மலையில் அது சரியாக வடமேற்கைப் பார்க்கிறது. 1957-இல் ராயல் ராபின்ஸ், ஜெர்ரி கால்வாஸ், மைக் ஷெரிக் மூவரும் சுமார் 600 மீட்டர் உயரமுள்ள அந்த முகத்தில் ஐந்து நாள் ஏறி உச்சியை அடைந்தார்கள். 2008-இல் அலெக்ஸ் ஹானல்ட் அதே முகத்தில் கயிறே இல்லாமல் தனியாக ஏறினார்.

டேவிட் ஆல்கார்ன் என்பவர் 1971-இல் வரைந்த சின்னம் இது. அரை நூற்றாண்டு தாண்டியும் வடிவம் மாறவில்லை. பெயர் ஆல்ப்ஸின் நினைவு, படம் கலிஃபோர்னியாவின் மலை. இரண்டையும் ஒரே சட்டையில் வைத்தது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

படி 3: பெயர் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1966 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் நார்த் பீச் பகுதியில் டக்ளஸ் டாம்ப்கின்ஸ், சூசி டாம்ப்கின்ஸ் தம்பதியர் மலையேற்றச் சாமான்கள் விற்க ஒரு சிறிய கடை திறந்தார்கள். திறப்பு விழாவில் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு வாசித்தது. இரண்டே ஆண்டில் கடை கைமாறியது. வாங்கிய ஹாப் கிளாப் அதை வளைகுடாவின் எதிர்க்கரையிலுள்ள பெர்க்லிக்குக் கொண்டுபோய், அங்கேயே பொருள்களை வடிவமைத்துத் தயாரிக்கவும் தொடங்கினார். ஸ்லீப்பிங் பேக், முதுகுப்பை, கூடாரம் என்று வளர்ந்தது. 1975-இல் வந்த 'ஓவல் இன்டென்ஷன்' கூடாரம் அமெரிக்கக் கட்டட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் முக்கோண அமைப்புக் குவிமாடக் கருத்தை எடுத்துக்கொண்டது. நடுவில் கம்பம் இல்லாமல், வளைந்த கம்பிகள் ஒன்றையொன்று தாங்கும் கூடாரம் அது. இன்று மலை முகாம்களில் நாம் பார்க்கும் குவிமாடக் கூடாரங்கள் பலவற்றுக்கு அது முன்னோடி. 2000-ஆம் ஆண்டு முதல் நிறுவனம் விஎஃப் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க உடை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தலைமையகம் இப்போது டென்வரில்.

கடையை விற்ற டாம்ப்கின்ஸ் 1968-இல் யுவான் ஷூய்னார்டு முதலிய நண்பர்களோடு வண்டியிலேயே தென் அமெரிக்காவின் பட்டகோனியாவுக்குப் போய் ஃபிட்ஸ் ராய் சிகரத்தில் ஏறினார். ஷூய்னார்டு 1973-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'பட்டகோனியா', அதன் லேபிளில் உள்ளது ஃபிட்ஸ் ராயின் முகட்டு வரிசை. உலகின் இரண்டு பெரிய வெளிப்புற உடைப் பெயர்களுக்குப் பின்னால் இப்படி ஒரே நட்பு வட்டம் இருக்கிறது. டாம்ப்கின்ஸ் பிற்காலத்தில் சிலியிலும் அர்ஜென்டினாவிலும் நிலம் வாங்கித் தேசியப் பூங்காக்களாக்கப் பாடுபட்டார். 2015 டிசம்பரில் சிலியின் ஏரி ஒன்றில் அவருடைய கயாக் கவிழ்ந்தது. பனிக்குளிர் நீரில் நெடுநேரம் கிடந்ததால் உடல் வெப்பம் குறைந்து இறந்தார். மலையின் உச்சிக் குளிரைவிட நனைந்த உடம்பின் குளிர் வேகமாகக் கொல்லும். உடை தேர்ந்தெடுக்கும் இடத்தில் இதை மறுபடி பார்ப்போம்.

படி 4: பெயரைச் சொல்லும் விதமும் எழுதும் விதமும்

முழுப்பெயர் 'த நார்த் ஃபேஸ்'. முன்னால் வரும் 'த' பெயரின் பகுதி. சின்னத்தில் அதற்கென்று தனி வரியே உண்டு. பேச்சில் எல்லோரும் 'நார்த் ஃபேஸ்' என்று விட்டுவிடுகிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை. சுருக்கமாக 'டிஎன்எஃப்' என்று சொல்பவர்களும் உண்டு. கட்டுரையிலோ விற்பனைக் குறிப்பிலோ எழுதும்போது முதன்முறை முழுப்பெயர் போட்டுவிட்டு, அப்புறம் சுருக்கலாம்.

தமிழில் எழுதும்போது ஒரு பழக்கத்தைப் பரிந்துரைப்பேன். மலையைச் சொல்லும்போது 'வடமுகம்' என்று தமிழில் எழுதுங்கள், நிறுவனத்தைச் சொல்லும்போது 'நார்த் ஃபேஸ்' என்று ஒலிபெயர்த்து எழுதுங்கள். அப்படிச் செய்தால் குழப்பமே வராது. ஒரு எடுத்துக்காட்டு: 1999 மே மாதம் கான்ராட் ஆங்கர் எவரெஸ்ட்டின் வடமுகத்தில், 1924-இல் காணாமல்போன ஜார்ஜ் மல்லரியின் உடலைக் கண்டெடுத்தார். ஆங்கர் நெடுங்காலம் நார்த் ஃபேஸின் மலையேற்ற வீரர் அணிக்குத் தலைவராக இருந்தவர். இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டால் வாசகர் தடுமாறுவார். வேற்றுமை உருபு சேர்க்கும்போது நார்த் ஃபேஸின், நார்த் ஃபேஸில், நார்த் ஃபேஸுக்கு என்று இயல்பாகவே வரும்.

நிறுவனப் பெயரை மொழிபெயர்த்து 'வடமுகம் ஜாக்கெட்' என்று எழுத வேண்டாம். பதிவு செய்த வணிகப்பெயர் எந்த மொழியிலும் அதே ஒலியோடுதான் போகும். இன்னொன்று, எல்லாப் பஞ்சு ஜாக்கெட்டையும் 'நார்த் ஃபேஸ்' என்று அழைக்கும் பழக்கம் சில இடங்களில் பரவியிருக்கிறது. பேச்சில் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் விற்கும்போது அப்படிச் சொன்னால் அது வணிகப்பெயரைத் தவறாகப் பயன்படுத்துவது.

இந்தப் பெயரை நிறுவனம் எவ்வளவு கவனமாகக் காக்கிறது என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநில மாணவர் ஒருவர் 'த சவுத் பட்' என்ற பெயரில் உடைகள் விற்கத் தொடங்கினார். வடக்குக்குத் தெற்கு, முகத்துக்குப் பின்புறம். 'நெவர் ஸ்டாப் எக்ஸ்ப்ளோரிங்' (தேடுவதை நிறுத்தாதே) என்ற நிறுவன முழக்கத்துக்குப் பதிலாக 'நெவர் ஸ்டாப் ரிலாக்சிங்' (ஓய்வெடுப்பதை நிறுத்தாதே). 2009-இல் நார்த் ஃபேஸ் வழக்குப் போட்டது, மறு ஆண்டு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. பகடியாக இருந்தாலும் பெயரும் சின்னமும் நெருக்கமாக இருந்தால் சட்டம் உள்ளே வரும். உங்கள் குழுவுக்கோ நடைப்பயண அணிக்கோ டி-ஷர்ட் அச்சடிக்கும்போது அந்த வளைவுகளைக் கொஞ்சம் மாற்றிப் போடலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

படி 5: உடைகளின் பெயர்களைப் படியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நார்த் ஃபேஸின் பட்டியலை ஒரு மலை வரைபடம் போலவே படிக்கலாம்.

'நப்ட்சே' 1992-இல் வந்த, கட்டம் கட்டமாக உப்பியிருக்கும் இறகு ஜாக்கெட். நப்ட்சே எவரெஸ்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் 7,861 மீட்டர் சிகரம். திபெத்திய மொழியில் 'நப்' மேற்கு, 'ட்சே' சிகரம். எவரெஸ்ட்டுக்கு மேற்கே இருப்பதால் அந்தப் பெயர். அதே கணக்கில் 'லோட்சே' என்றால் தென்சிகரம், 8,516 மீட்டர், உலகில் நான்காவது உயரம். அந்தப் பெயரிலும் ஒரு ஜாக்கெட் இருக்கிறது. வடக்கே 'சாங்ட்சே' இருக்கிறது, 'சாங்' வடக்கு. எவரெஸ்ட்டைச் சுற்றித் திசைகளே சிகரப் பெயர்களாக நிற்பதும், திசையையே பெயராகக் கொண்ட நிறுவனம் அவற்றை எடுத்துக்கொண்டதும் எவ்வளவு அழகு.

'டெனாலி' 1988-இல் வந்த ஃப்ளீஸ் (கம்பளி போல மென்மையான செயற்கைத் துணி) ஜாக்கெட். அலாஸ்காவில் உள்ள வட அமெரிக்காவின் மிக உயர்ந்த மலையின் பெயர். தோளிலும் மார்பிலும் வழுவழுப்பான நைலான் துண்டு தைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்கு வந்ததில்லை அது. முதுகுப்பையின் பட்டை உரசி உரசி ஃப்ளீஸ் தேய்ந்துவிடும் என்பதால் உரசும் இடத்தில் மட்டும் உறுதியான துணி. மழை ஜாக்கெட்டுக்குள் ஜிப் போட்டு இணைத்துக்கொள்ளும்படியும் அதை வடிவமைத்தார்கள்.

'மக்மர்டோ' என்பது அண்டார்டிகாவில் உள்ள அமெரிக்க ஆய்வு நிலையம். அந்தப் பெயரில் நீளமான, கனமான பார்க்கா, அதாவது தலைமூடி வைத்த குளிர்கோட்டு. 'காத்தம்' நியூயார்க் நகரத்தின் செல்லப்பெயர். காத்தம் ஜாக்கெட் நகரத்துத் தெருக் குளிருக்கானது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. 'ஒசிட்டோ' ஸ்பானிஷில் குட்டிக் கரடி, தடவிப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மலையின் பெயர் இருப்பதால் அந்த மலைக்குப் போதுமான உடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'அகோன்காகுவா' என்ற பெயரில் விற்கும் ஜாக்கெட் அன்றாடக் குளிருக்கான மெல்லிய ரகம். அதைப் போட்டுக்கொண்டு உண்மையான அகோன்காகுவாவின் உச்சிக்குப் போனால் ஆபத்து. நப்ட்சேகூட இன்று பெரும்பாலும் நகரங்களில்தான் நடமாடுகிறது. 1990-களில் நியூயார்க்கின் ஹிப்-ஹாப் இளைஞர்கள் அதைத் தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்கள். பெயர் ஊக்கம் தரும். தாங்குமா என்பதை லேபிள்தான் சொல்லும்.

படி 6: லேபிளில் உள்ள சொற்களைப் பிரித்தறியுங்கள்

இறகு ஜாக்கெட்டில் 550, 600, 700, 800 என்று ஓர் எண் இருக்கும். ஒரு அவுன்ஸ் இறகை அமுக்காமல் விட்டால் எத்தனை கன அங்குலத்துக்கு உப்பி நிற்கும் என்ற கணக்கு அது. ஒரு அவுன்ஸ் என்பது சுமார் 28 கிராம். எண் கூடினால் அதே எடையில் அதிகக் காற்றைப் பிடித்து வைக்கும், அந்தக் காற்றுதான் சூடு. ஆனால் உள்ளே எவ்வளவு இறகு அடைத்திருக்கிறார்கள் என்று இந்த எண் சொல்லாது. கொஞ்சமே அடைத்த 800 ஜாக்கெட்டைவிட நிறைய அடைத்த 600 ஜாக்கெட் சூடாக இருக்கலாம். இதைத் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஏராளம். கையில் எடுத்து உப்பலையும் தையல் கட்டங்களின் தடிமனையும் பாருங்கள்.

'தெர்மோபால்' செயற்கைப் பஞ்சு. இறகுக் கொத்துகளைப் போலச் சின்னச் சின்ன உருண்டைகளாகச் செய்தது, 2013-இல் வந்தது. இறகு நனைந்தால் ஒட்டிப்போய்ச் சூட்டை இழக்கும். செயற்கைப் பஞ்சு ஈரத்திலும் ஓரளவு வேலை செய்யும். மழையும் குளிரும் சேர்ந்து வரும் இடங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

'டிரைவென்ட்' நீர் புகாத, ஓரளவு வியர்வை ஆவியை வெளியே விடும் துணி. பழைய உடைகளில் 'ஹைவென்ட்' என்று இருக்கும். 'ஃபியூச்சர்லைட்' 2019-இல் வந்தது. மிக நுண்ணிய இழைகளைத் தெளித்து உருவாக்கிய சவ்வு உள்ளே இருப்பதால் காற்றோட்டம் அதிகம். ஏறும்போது மூச்சு வாங்கி வியர்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது. மழையில் நின்றுகொண்டிருக்க மட்டும் என்றால் டிரைவென்ட் போதும். 'கோர்-டெக்ஸ்' வேறொரு நிறுவனத்தின் சவ்வு, சில நார்த் ஃபேஸ் உடைகளில் அதன் பெயரும் சேர்ந்து வரும். 'விண்ட்வால்' காற்றைத் தடுக்கும், மழையைத் தடுக்காது. 'ஃபிளாஷ்டிரை' சீக்கிரம் உலரும் துணி.

லேபிளில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருக்கிறதா, 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முதலாவது நீர் புகாதது. இரண்டாவது சாரலைக் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். உட்பக்கத் தையல்கள்மேல் பட்டை ஒட்டியிருந்தால் மழைக்கு நம்பலாம். பட்டை இல்லையென்றால் ஊசி ஓட்டை வழியாகவே நீர் இறங்கும்.

படி 7: வரிசைப் பெயர்களையும் நாடுகளையும் கவனியுங்கள்

'சம்மிட் சீரிஸ்' என்று போட்டிருந்தால் அது உயரமான மலைகளுக்கான வரிசை. முதன்முதலில் 2000-ஆம் ஆண்டில் வந்தது. பெயரின் மூலப்பொருளுக்கு மிக அருகில் இருப்பது இதுதான். நகரத்தில் போட்டால் கெட்டுப்போகாது, ஆனால் நீங்கள் பயன்படுத்தாத திறனுக்குப் பணம் கொடுத்திருப்பீர்கள்.

சின்னம் ஊதா நிறப் பட்டையில் இருந்தால் அது 'பர்ப்பிள் லேபிள்', ஜப்பானில் 2003 முதல் நனமிக்கா நிறுவனம் வடிவமைக்கும் வரிசை. பழைய மலையேற்ற உடைகளின் தோற்றத்தை எடுத்து அன்றாட உடையாக மாற்றுகிறார்கள். ஜப்பானில் நார்த் ஃபேஸ் பெயரின் உரிமை கோல்ட்வின் நிறுவனத்திடம் இருக்கிறது. தென் கொரியாவில் 'வைட் லேபிள்' என்று தனி வரிசை. இந்த நாடுகளில் விற்பவை அமெரிக்கப் பட்டியலில் இருக்காது, அளவுகளும் சிறியதாக வரலாம். அமெரிக்க இணையதளத்தில் தேடிக் காணவில்லை என்பதற்காக ஒன்றைப் போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

படி 8: போலியைப் பிரித்தறியுங்கள்

முதலில் எம்பிராய்டரி. வளைவுப் பட்டைகளுக்கு இடையே உள்ள இடைவெளி துல்லியமாக, நூல் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். போலியில் பட்டைகள் ஒன்றிப்போய்விடும், எழுத்துகளுக்கு நடுவே நூல் இழுபட்டிருக்கும். பெரும்பாலான ஜாக்கெட்டுகளில் முன்னால் இடது மார்பிலும் பின்னால் வலது தோளிலும் சின்னம் இருக்கும்.

அப்புறம் உள் லேபிள். ஸ்டைல் எண் 'என்எஃப்' என்ற எழுத்துகளில் தொடங்குகிறதா என்று பார்த்து அதை இணையத்தில் தேடுங்கள். வரும் படம் உங்கள் கையிலுள்ள ஜாக்கெட்டோடு பொருந்த வேண்டும். நிறம், பை, ஜிப் எல்லாம். போலி செய்பவர்கள் ஒரே எண்ணைப் பத்து வகை உடைகளில் தைத்துவிடுவார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அமெரிக்காவில் விற்ற உடையில் 'ஆர்என்' என்று ஓர் எண்ணும் இருக்கும். அது அந்நாட்டு வணிக ஆணையத்தில் நிறுவனங்கள் பதிவு செய்யும் எண், ஆணையத்தின் தளத்தில் யாரும் தேடலாம். புதிய உடைகள் பலவற்றில் உட்பக்கம் ஹாலோகிராம் துண்டும் உண்டு. ஆனால் ஹாலோகிராமையும் நகலெடுக்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்ப மாட்டேன்.

ஜிப்பை நாலைந்து முறை இழுத்துப் பாருங்கள். தரமான ஜிப் தயங்காது. இறகு ஜாக்கெட்டை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் பழையபடி உப்ப வேண்டும். அமுங்கியபடியே கிடந்தாலோ, உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டாலோ, சின்னம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

படி 9: போடுவதும் துவைப்பதும்

குளிருக்கு மூன்று அடுக்கு. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் ஃப்ளீஸோ இறகோ, மேலே காற்றும் மழையும் புகாத உறை. உள்ளாடை பருத்தியாக இருந்தால் மற்ற இரண்டும் வீண். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு உலராமல் கிடக்கும், நின்றவுடன் உடம்பு சில்லிட்டுவிடும். டாம்ப்கின்ஸின் முடிவைச் சொன்னபோது குறிப்பிட்டது இதைத்தான், ஈரம் உடம்பின் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். ஏறத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகத் தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் வியர்த்துவிடும். நின்று ஓய்வெடுக்கும் கணத்தில், குளிர் தெரிவதற்கு முன்பே, இறகு ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். கையுறை ஒரு ஜோடி கூடுதலாகப் பையில் இருக்கட்டும்.

மழை ஜாக்கெட்டைத் துவைக்கப் பயப்படுபவர்கள் பலர். துவைக்காமல் விட்டால்தான் கெடும். எண்ணெயும் அழுக்கும் துணியின் மேற்பரப்பில் படிந்தால் நீர்த்துளி உருண்டு ஓடாமல் ஊறி நிற்கும். உள்ளே நீர் வராவிட்டாலும் வியர்வை ஆவி வெளியே போக வழியில்லாமல் நனைந்த உணர்வு வரும், ஜாக்கெட் ஒழுகுகிறது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஜிப்பை எல்லாம் மூடி, இத்தகைய துணிகளுக்கான திரவச் சோப்பில் துவைத்து, இரண்டு முறை அலசுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது. லேபிள் அனுமதித்தால் உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், அந்தச் சூடு துணிமேல் உள்ள நீர்விலக்கும் பூச்சை மறுபடி உயிர்ப்பிக்கும். மேலே சில துளி நீர் தெளித்துப் பாருங்கள். மணிமணியாக நின்றால் சரி. பரவினால் நீர்விலக்கும் தெளிப்பான் வாங்கி அடிக்க வேண்டிய நேரம்.

இறகு ஜாக்கெட்டுக்குப் பொறுமை வேண்டும். இறகுக்கான சோப்பு, மென்மையான சுழற்சி. வெளியே எடுக்கும்போது நனைந்த இறகின் எடையில் உள் தடுப்புகள் கிழியாமல் இரு கையாலும் அடியில் தாங்கி எடுங்கள். குறைந்த சூட்டில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு சேர்த்து உலர்த்துங்கள், பந்துகள் அடித்து அடித்துக் கட்டிகளை உடைக்கும். மேல்துணி உலர்ந்ததும் எடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் நெருடிப் பார்த்து, எங்கும் கட்டி தட்டுப்படாத வரை ஓட்டுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் உள்ளே அழுகி நாற்றம் வரும், அதைச் சரிசெய்ய முடியாது. பயணத்தில் ஜாக்கெட்டைச் சின்னப் பைக்குள் திணித்து எடுத்துப்போகலாம், நப்ட்சேயை அதன் சொந்தப் பாக்கெட்டுக்குள்ளேயே மடித்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்து உதறித் தொங்கவிடுங்கள். மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்த இறகு முன்போல உப்பாது.